இளைஞர் பணிக்கும் பயிற்சி வேண்டும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவுப் பாடசாலையோடு நம் சங்கம் தொடங்கிற்று. ஒரு கரும்பலகை, ஒரு விளக்கு, படித்த இளைஞர் சிலர். இவையே அன்று நம் முதல். அவர்களுடைய தொண்டின் பயனாகப் பட்டதாரிகள் பலர் இன்று இம்மன்றத்தில் வீற்றிருக்கின்றனர். அதை எண்ணி மகிழும் இவ்வேளையில், நாம் செய்த பிழை ஒன்றையும் சொல்லுதல் கடமை.

தொடக்க ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நாள்தோறும் தாமதமாக வந்தான். எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டோம். மறுநாள் அவன் வரவில்லை. அதன் பின் வரவேயில்லை. தந்தை நோயுற்றமையால் மாலை வேளையில் அவன் மூட்டை சுமக்கச் சென்றான் என்பதைப் பல மாதங்கள் கழித்தே அறிந்தோம். அதற்குள் பள்ளியையும் விட்டுவிட்டான். நம்மிடம் அன்பு இருந்தது, நல்லெண்ணம் இருந்தது. தனியே அழைத்து, "என்னப்பா சிரமம்?" என்று கேட்கும் பயிற்சி இல்லை.

இத்தனைக்கும் நாம் பி.எட். பயின்றவர்கள். ஒரு பாடவேளையில் ஒரு பாடத்தை நடத்தும் முறையை அங்கே கற்றோம். ஆனால் வகுப்பறை வேறு, சங்கம் வேறு. பள்ளிக்கு வருகைப் பதிவேடு உண்டு. சங்கத்திற்கோ இளைஞன் தன் விருப்பத்தால் வருகிறான்; மனம் புண்பட்டால் சொல்லாமலே போய்விடுகிறான். ஆதலின் இளைஞரோடு பணியாற்றுதல் தனியொரு தொழில். அதைக் கற்றே செய்தல் வேண்டும்.

இது புதுக் கருத்தன்று. 1920ஆம் ஆண்டிலேயே ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். விளையாடத் தெரிந்தவரெல்லாம் விளையாட்டைக் கற்பித்துவிட முடியாது என்பதற்கு அக்கல்லூரியே சான்று. 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் திட்ட அலுவலராகும் ஆசிரியர்க்கும் தனிப் பயிற்சி உண்டு. 1993இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் அமைந்தது. 2012இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. இளைஞர் பணியாளர்க்குப் பயிற்சியளிப்பதே அதன் நோக்கங்களுள் ஒன்று. நம் மாநிலத்திலேயே இருக்கும் அதன் வாயிலை நம்முள் எத்தனை பேர் மிதித்திருக்கிறோம்?

இப்பயிற்சி எதற்கு என்று கேட்போர் உண்டு. நம் ஊர் வழியே செல்லும் இதே நெடுஞ்சாலையில், திருநெல்வேலிக்கும் தெற்கே இருப்பது நாங்குநேரி. அங்கே 2023 ஆகஸ்டில் நம் சமூகத்து மாணவன் ஒருவனும், தடுக்க வந்த தங்கையும் தம் வீட்டிலேயே உடன் பயின்ற மாணவரால் வெட்டப்பட்டனர். துன்புறுத்தல் தாங்காமல் அவன் முன்னரே பள்ளிக்குச் செல்லாதிருந்தான் என்று செய்திகள் கூறின. பின்னர் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளி நல அலுவலர்களை நியமிக்கப் பரிந்துரைத்தது. ஒரு பிள்ளை வராமற் போனால் அதற்குள் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. அதைக் காணும் கண் பயிற்சியால்தான் திறக்கும்.

நம் தொண்டர்கள் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, அறிவுரை கூறுமுன் பொறுமையாகக் கேட்டல். இரண்டாவது, சட்ட அறிவு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும்; ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி மறைத்தல் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098ஐயும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் ஒவ்வொரு தொண்டரும் அறிந்திருத்தல் வேண்டும். மூன்றாவது, வழிகாட்டுதல். நம் நிலங்களைச் சூழக் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றின் வாயிலில் காவல் நிற்பதோடு நம் பிள்ளை நின்றுவிடுவானா? ஐ.டி.ஐ. பயின்று, அவற்றைப் பழுது பார்க்க மேலே ஏறுவானா? விண்ணப்பத்தை எங்கே பெறுவது, உதவித்தொகைக்கு எப்போது எழுதுவது என்று உரிய வேளையில் சொல்பவர் ஒருவர் இருந்தால், அவன் ஏறுவான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இளைஞர் இருவரையும் இளம்பெண்கள் இருவரையும் தேர்ந்து பயிற்சிக்கு அனுப்புவோம். பயணச் செலவையும், அந்நாட்களில் அவர்கள் இழக்கும் கூலியையும் சங்கமே ஏற்கட்டும். திரும்பி வந்தோர் மற்றவர்க்குக் கற்பிக்கட்டும்.

1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட மண் இது. அவருடைய படைத்தலைவருள் ஒருவரான கவர்னகிரி சுந்தரலிங்கனாரை நாம் பெருமையோடு போற்றுகிறோம். வீரம் மட்டுமா ஒருவரைப் படைத்தலைவராக்கும்? பயிற்சியும் அன்றோ! தொண்டுக்கும் அதுவே நியதி.

அன்று நாம் இழந்த அந்த மாணவனுக்கு இன்று பள்ளி செல்லும் வயதில் பிள்ளைகள் இருக்கலாம். அவர்களுள் ஒருவன் நாளை நம் பாடசாலைக்குத் தாமதமாக வரக்கூடும். அவனைத் தனியே அழைத்துப் பரிவோடு கேட்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கட்டும்.