சபாரி வண்டி நிற்காத ஊர்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



பயண இலக்கியம் பற்றிய இன்றைய உரைக்கு ஆபிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தென்னாபிரிக்கா என்ற ஒரு நாட்டை மட்டும் இங்கு கருதவில்லை. பொட்ஸ்வானா, சிம்பாப்வே, சாம்பியா, மொசாம்பிக் முதலிய அயல்நாடுகளையும் சேர்த்தே பேசுகிறேன்.

‘சபாரி’ என்றதும் திறந்த ஜீப் வண்டியும், கழுத்தில் தொங்கும் கமராவும், தூரத்தில் புல்வெளியில் படுத்திருக்கும் சிங்கமும் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆனால் சுவாஹிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அரபு மொழியிலிருந்து அங்கு சென்ற சொல் அது. நம் நாட்டு முஸ்லிம் மக்கள் பயணத்தைச் ‘சபர்’ என்று சொல்வதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. எல்லாப் பயணத்துக்கும் பொதுவாக இருந்த சொல் ஐரோப்பியர் வாயில் வேட்டைப் பயணமாகி, பின்னர் விலங்கு பார்க்கும் உல்லாசப் பயணமாகச் சுருங்கியது. சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்னும் ‘பெரிய ஐந்து’ கூட வேட்டைக்காரர் வகுத்த பட்டியல்தான். கால்நடையாகச் சென்று வேட்டையாடுவதற்கு மிக ஆபத்தானவை இவை ஐந்தும் என்பது அவர்களின் கணக்கு. துப்பாக்கி போய்க் கமரா வந்துவிட்டது. பட்டியல் மாறவில்லை.

தமிழ் படிப்பிப்பவன் என்ற வகையில் எந்த நிலத்தைப் பற்றி வாசித்தாலும் என் கைக்கு முதலில் வருவது திணைக் கோட்பாடே. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்பன கருப்பொருள். அந்நிலத்து மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றனுள்ளும் உரிப்பொருளே சிறந்தது என்பது நம் இலக்கண மரபு. இந்த அளவுகோலை ஆபிரிக்கப் பயண நூல்கள் பலவற்றின் மீது வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நிலம் உண்டு, பொழுது உண்டு, விலங்கும் பறவையும் நிறைய உண்டு. மனிதரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

டேவிட் லிவிங்ஸ்டனை எடுத்துக்கொள்வோம். ஆபிரிக்காவைக் குறுக்கே கடந்த பெரும் பயணி என்று பாடநூல்கள் அவரைக் குறிப்பிடும். 1855 நவம்பரில் சாம்பேசி நதியின் மாபெரும் நீர்வீழ்ச்சியைக் கண்டு, அதற்குத் தம் நாட்டு அரசியார் விக்டோரியாவின் பெயரை அவர் சூட்டினார். அங்குள்ள மக்கள் அதற்கு முன்னரே வைத்திருந்த பெயர் ‘மோசி ஓ அ துன்யா’. முழங்கும் புகை என்பது அதன் பொருள். அவர் அந்த இடத்துக்குத் தனியே போய்ச் சேரவில்லை. மக்கொலொலோ மக்களின் தலைவரான செக்கெலெத்து கொடுத்த ஆட்களும் யானைத் தந்தமும் உணவுமே அந்தப் பயணத்தைச் சாத்தியமாக்கின. கீழைக் கரை நோக்கிய பயணத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் அவருடன் நடந்தனர்.

அவர்களுள் ஒருவர் செக்வெபு. பல மொழி அறிந்தவர், வழி தெரிந்தவர், இடைவழித் தலைவர்களிடம் பக்குவமாகப் பேசிக் காரியம் முடிக்க வல்லவர். 1856இல் லிவிங்ஸ்டன் கப்பலேறியபோது அவரையும் உடன் அழைத்துச் சென்றார். அதற்குமுன் கடற்பயணம் அறியாத அம்மனிதர் அலைகளின் கொந்தளிப்பிலும் புதுமையின் அழுத்தத்திலும் மொரீசியஸ் துறைமுகத்தை அடைந்தபோது சித்தம் கலங்கினார். அவரை விலங்கிட்டு வைப்போம் என்றனர் கப்பல் அதிகாரிகள். தம் நாட்டில் மதிப்புள்ள ஒருவரை அடிமையைப் போலச் சங்கிலியில் பிணைக்க லிவிங்ஸ்டன் உடன்படவில்லை. அன்று மாலை செக்வெபு கடலில் பாய்ந்தார். உடல் கிடைக்கவில்லை. இத்தனையும் லிவிங்ஸ்டன் 1857இல் வெளியிட்ட நூலிலேயே உண்டு. அதனை எழுதிவைத்தமைக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நீர்வீழ்ச்சிக்கு அருகே இன்றும் ஒரு நகரம் லிவிங்ஸ்டன் என்ற பெயருடன் நிற்கிறது. செக்வெபுவின் பெயரோ பழைய நூலின் சில பக்கங்களுக்குள் அடங்கிவிட்டது. சுமந்தவனுக்கும் வழி காட்டியவனுக்கும் பயண இலக்கியம் கொடுத்த இடம் இவ்வளவுதான்.

அடுத்து, உலகப் புகழ்பெற்ற குரூகர் தேசியப் பூங்காவுக்குச் செல்வோம். தென்னாபிரிக்காவின் வடகிழக்கில் ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்து கிடப்பது அது. 1898இல் சாபி ஆற்றை அண்டிய வேட்டைத் தடைப் பிரதேசமாகத் தொடங்கி, 1926இல் தேசியப் பூங்காவாயிற்று. அடுத்த ஆண்டே மோட்டார் வண்டிகளில் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினர். ‘மனிதன் தீண்டாத கன்னி நிலம்’ என்று பயணிகள் வியந்து எழுதும் பூமி இது.

அங்குள்ள தலைமை முகாமின் பெயர் ஸ்குகூஸா. 1902இல் காப்பாளராக நியமனம் பெற்று 1946 வரை பணியாற்றிய ஜேம்ஸ் ஸ்டீவன்சன் ஹமில்டனுக்கு உள்ளூர் மக்கள் இட்ட பட்டப்பெயர் அது. ‘துடைத்துப் பெருக்கித் தள்ளுபவன்’ என்று அதற்குப் பொருள் கூறுவர். விலங்குகளுக்கு இடம் ஒதுக்குவதற்காக அங்கு குடியிருந்த மக்களை அவர் வெளியேற்றியதன் நினைவே அப்பெயர். ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் இன்று அந்த முகாமில் தேநீர் அருந்துகிறார்கள். வாயிற் பலகையிலேயே அந்த நிலத்தின் வரலாறு எழுதப்பட்டிருப்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

இது பழங்கதை மட்டுமன்று. 1969இல் பூங்காவின் வடமுனையில் வாழ்ந்த மக்குலேக்கே மக்கள் ஏறத்தாழ 3,000 பேர் வெளியேற்றப்பட்டனர். சொந்த வீடுகளுக்குத் தாமே தீ வைக்குமாறு அவர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டனர். இனஒதுக்கல் ஆட்சி முடிந்தபின், 1998இல் அந்நிலத்தின் உரிமை அவர்களுக்கு மீண்டும் வழங்கப்பட்டது. அவர்கள் அதனைப் பூங்காவிலிருந்து பிரித்துக்கொள்ளவில்லை. விலங்குகள் அங்கேயே இருக்கட்டும், வருமானம் ஊருக்கு வரட்டும் என்று உடன்படிக்கை செய்துகொண்டனர். வனத்தையும் மனிதரையும் எதிரெதிரே நிறுத்தத் தேவையில்லை என்பதற்கு இதுவே தக்க சான்று. வனப் பாதுகாப்பை நான் குறை கூறுவதாக நேயர்கள் எண்ணிவிடலாகாது. தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகம் நூற்றுக்கும் குறைவாகிப்போன நிலையிலிருந்து மீண்டது பாதுகாப்பினாலேதான். கேட்க வேண்டியது, அந்தப் பாதுகாப்பின் விலையை யார் செலுத்தினார்கள் என்பதே.

இனி, அதே மண்ணில் வேறு விதமாகப் பயணம் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் சொல் பிளாட்ஜே. 1876இல் பிறந்தவர், பத்திரிகை ஆசிரியர், பன்மொழிப் புலமையாளர். ஷேக்ஸ்பியரைத் தம் தாய்மொழியான செட்ஸ்வானாவில் பெயர்த்தவர். 1913 ஜூன் மாதத்தில் தென்னாபிரிக்காவில் சுதேசிகள் நிலச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 வீதமே பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்கு வெளியே அவர்கள் காணி வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ முடியாது. வாரத்துக்குப் பயிர் செய்துவந்த குடும்பங்கள் மாடு, ஆடு, சட்டி பானைகளோடு தெருவுக்கு வந்தன.

பிளாட்ஜே துவிச்சக்கர வண்டியில் ஏறிப் பனிக்குளிரில் அந்தத் தெருக்களில் பயணம் செய்தார். கண்டவற்றை 1916இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அதிலே வரும் ஒரு செய்தி என்னை விட்டு அகல மறுக்கிறது. வெளியேற்றப்பட்டு வண்டியில் அலைந்த ஒரு குடும்பத்தில் நோயுற்றிருந்த குழந்தை வழியிலேயே இறந்துவிடுகிறது. புதைப்பதற்கு அவர்களுக்கு உரிமையான ஒரு சாண் நிலம் இல்லை. இரவிலே, எவரும் காணாதவாறு, பிறர் நிலத்தில் குழி தோண்டிப் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு நகர்கிறார்கள். இடப்பெயர்வு என்ற சொல்லின் பாரத்தை நம் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சபாரி வண்டியில் போனவர்கள் பரந்து கிடந்த வெட்டவெளி என்று எழுதிய நாட்டில், துவிச்சக்கர வண்டியில் போனவர் கண்டது இது.

அன்றாட வாழ்வு என்று வரும்போது எனக்குச் சொந்தமான ஒரு சிறு நூலகம் உண்டு. அவை என் சித்தப்பாவின் கடிதங்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் ஆசிரியர்கள் பலர் சாம்பியாவுக்கும் பொட்ஸ்வானாவுக்கும் தொழில் பார்க்கச் சென்றனர். சித்தப்பா கிழக்குப் பொட்ஸ்வானாவில் ஒரு கிராமப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். விமானக் கடிதம் வந்தால் சிறுவர்களாகிய எங்களுக்கு ஒரே கேள்விதான்: “சித்தப்பா சிங்கம் பார்த்தாராமோ?” ஐந்து ஆண்டுகளில் அவர் ஒரு சிங்கத்தையும் பார்க்கவில்லை. அக்கடிதங்களில் வந்தவை வேறு.

அங்குள்ள ஒரு குடும்பத்துக்கு மரபுப்படி மூன்று இடங்களில் வீடு உண்டு என்று எழுதியிருந்தார். ஊரில் ஒன்று, வயல் நிலத்தில் ஒன்று, தொலைவில் மாட்டுப்பட்டியில் ஒன்று. வழியில் எவரைக் கண்டாலும் முகமன் கூறாமல் விடயத்தைப் பேசத் தொடங்குவது பெருங்குற்றம். ஊர் வழக்குகள் ‘கொட்லா’ என்னும் மன்றத்தில் தலைவர் முன்னிலையில் பேசித் தீர்க்கப்படும். எவருக்கும் அங்கு பேச உரிமை உண்டு. ‘பூலா’ என்றால் மழை. நாட்டின் நாணயத்துக்கும் அதுவே பெயர். கூட்டங்களில் வாழ்த்தொலியும் அதுவே. எண்பதுகளில் தொடர்ந்து பல ஆண்டுகள் மழை பொய்த்தபோது அந்தச் சொல்லை மக்கள் உச்சரிக்கும் தொனியே மாறிவிட்டது என்று ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். இறுங்கு மாவில் காய்ச்சிய களி நம் ஊரை நினைவூட்டியதாம். வகுப்பில் பல பிள்ளைகளின் தகப்பன்மார் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இருந்தனர். பெற்றோர் கூட்டத்துக்குத் தாய்மாரும் பாட்டிமாரும் மட்டுமே வருவர். உரிப்பொருள் என்று நம் இலக்கணம் கூறுவது இதைத்தானே?

அந்நாட்டு வாழ்வை இலக்கியமாக்கியவர்களுள் பெஸ்ஸி ஹெட் முதன்மையானவர். தென்னாபிரிக்காவில் பிறந்து, 1964இல் அகதியாகப் பொட்ஸ்வானாவுக்கு வந்து, செரோவே என்ற பெரிய கிராமத்தில் குடியேறினார். பல ஆண்டுகள் நாடற்றவராகவே வாழ்ந்து, 1979இல்தான் குடியுரிமை பெற்றார். செரோவேயைப் பற்றி 1981இல் அவர் வெளியிட்ட நூலில் மட்பாண்டம் வனைபவர், கூரை வேய்பவர், ஆசிரியர், முதியோர் எனப் பலரும் தத்தம் வாழ்வைத் தாமே கூறுகிறார்கள். எழுத்தாளர் கேள்வி கேட்கிறார். பின்னர் ஒதுங்கி நிற்கிறார். வந்தேறியவர் ஒருவர் ஊராரின் குரலுக்குத் தம் நூலையே மன்றமாக்கிக் கொடுத்தார். 1986இல் அவர் மறைந்ததும் அந்தச் செரோவேயிலேதான்.

எங்கள் இந்துக் கல்லூரியில் மாணவர்களுக்குப் பயணக் கட்டுரை எழுதக் கொடுக்கும்போது நான் ஒரு நிபந்தனை விதிப்பதுண்டு. பார்த்த இடங்களை வரிசைப்படுத்தினால் மட்டும் புள்ளி இல்லை. பஸ் சாரதியின் ஊர் எது, சோறு சமைத்தவர் யார், நீங்கள் பார்த்த இடத்தில் முன்னர் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். சிலர் முணுமுணுப்பார்கள். ஆயினும் மனிதர் வந்து நின்றதும் கட்டுரைக்கு உயிர் வந்துவிடுவதை அவர்களே காண்கிறார்கள்.

நேயர்களே, ஆபிரிக்கா பற்றிய ஒரு பயண நூல் அடுத்த முறை உங்கள் கைக்கு வரும்போது யானை எத்தனை, சிங்கம் எத்தனை என்று எண்ணிவிட்டு, பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஊர்மக்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நூலின் தரம் அந்த எண்ணிக்கையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.