பட்டாளம் முடிந்தால் படிப்பு முடிந்ததா?

 

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வரும் நம் பிள்ளைகள் பலருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. "இனி ஏதாவது வாட்ச்மேன் வேலைதான்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் சுல்தான் அல் நியாதியைப் பாருங்கள். அவர் போர் விமானி அல்லர். ராணுவத்தில் கணினி வலையமைப்புப் பாதுகாப்புப் பொறியாளர். முனைவர் பட்டம் வரை படித்தவர். 4,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்ததில், 2018இல் விண்வெளி வீரர்களாகத் தேர்வான இருவரில் ஒருவர். 2019இல் விண்வெளிக்குச் சென்றவர் மற்றவரான ஹஸ்ஸா அல் மன்சூரி, எஃப்-16 விமானி. மாற்று வீரரான சுல்தான் தரையிலேயே இருந்தார். பயிற்சியை விடவில்லை. 2023 மார்ச்சில் அவருடைய முறை வந்தது. ஆறு மாதம் விண்வெளி நிலையத்தில் தங்கினார். ஏப்ரல் 28 அன்று நிலையத்துக்கு வெளியே சுமார் 7 மணி நேரம் வேலை செய்தார். விண்ணில் நடந்த முதல் அரபியர் அவரே. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் அவருக்கு அங்கேதான்.

எல்லோரும் விண்வெளிக்குப் போக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ராக்கெட் தொழிலுக்குத் தரையில்தான் ஆட்கள் அதிகம் வேண்டும். ரேடார், வயர்லெஸ், வெல்டிங், தீயணைப்பு என்று பட்டாளத்தில் கற்றது அங்கே உதவும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்திலேயே இஸ்ரோவின் ஏவுதளம் உருவாகி வருகிறது.

ஆனால் கைத்திறன் மட்டும் போதாது, சான்றிதழும் கேட்பார்கள். பிள்ளை லீவில் வரும்போது கல்யாணப் பேச்சோடு இதையும் பேசுங்கள்: ஓய்வுக்கு முன்பே ஒரு டிப்ளமோவோ பட்டமோ முடிக்கட்டும்.

அல்லாஹ் அவர்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.