பொடி எழுத்துக்குள் இருக்கும் சங்கிலி

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்துவடிவம்)



கவிதை பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் இன்சூரன்ஸ் பற்றிப் பேசப்போறேன். பேங்க் குமாஸ்தா வேற எதைப் பேசுவான்னு சிரிக்கலாம். ஆனா பாலிசிப் பத்திரத்தின் பொடி எழுத்துக்குள்ளும் சாதியும் வர்க்கமும் உட்கார்ந்திருக்கு. அதை நாம வாசிச்சாகணும்.

ஏர்வாடியை மறந்திருக்க மாட்டீங்க. 2001 ஆகஸ்ட் 6. மனநலக் காப்பகம் என்ற பெயரில் இருந்த கொட்டகையில் தீ. சங்கிலியால் கட்டிப்போடப்பட்ட 28 பேர் ஓட வழியின்றிச் செத்தார்கள். படித்தவர்கள் ‘மூடநம்பிக்கை’ என்றார்கள். பாதிதான் உண்மை. பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் இருந்து, மாசாமாசம் மாத்திரையும் கிடைத்திருந்தால், எத்தனை பேரைப் பெற்றவர்கள் அங்கே கொண்டுபோய் விட்டிருப்பார்கள்?

அதற்குப் பிறகு 16 வருசம் கழித்துத்தான் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 வந்தது. 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. 95ஆம் பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது. 18ஆம் பிரிவு, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அரசு மனநல நிலையங்களில் இலவச சிகிச்சை என்கிறது. கையில் அட்டை இல்லாவிட்டாலும் அது உரிமை. 21(4) என்ன சொல்லுது? உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறீர்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும்.

2018 ஆகஸ்டிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டது. இருந்தும் டெல்லியில் ஒரு பெண் கோர்ட்டுக்குப் போய், 2021 ஏப்ரலில் உயர்நீதிமன்றத் தீர்ப்பு மூலம் அந்த உரிமையை வாங்க வேண்டியிருந்தது. 2022 அக்டோபரில் ஆணையம் மறுபடியும் எல்லா பாலிசியிலும் சேர்க்கச் சொல்லி, அந்த மாதம் 31க்குள் என்று கெடு வைத்தது. சட்டம் சொல்லியாச்சு, ஆணையம் சொல்லியாச்சு, கோர்ட் சொல்லியாச்சு. ஒரே விசயத்தை எத்தனை தடவைதான் சொல்றது!

சரி, பாலிசியில் சேர்த்துட்டாங்கன்னே வச்சுக்குவோம். வழக்கமான பாலிசியில் 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால்தான் பணம். அரசுக் காப்பீட்டுத் திட்டங்களும் பெரும்பாலும் உள்நோயாளிக்குத்தான். மனநோய் அப்படியா? பெரும்பாலோருக்கு வெளிநோயாளிச் சிகிச்சைதான்: மாத்திரை, உளவள ஆலோசனை, வருசக்கணக்கில் தொடர் கவனிப்பு. அந்தச் செலவுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இடமில்லை. 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை கிடைக்காமல் இருந்தது தெரிந்தது.

என் கவுண்டருக்கு வரும் துப்புரவுத் தொழிலாளி அக்கா ஒருத்தர் பாஸ்புக்கை நீட்டிக் கேட்டார்: “தம்பி, வருசாவருசம் 20 ரூவா, 436 ரூவான்னு புடிக்கிறீங்களே, எம்மவனுக்கு மண்டைக் கோளாறு, இதுல வைத்தியம் பாக்கலாமா?” ஒன்று விபத்துக் காப்பீடு, இன்னொன்று ஆயுள் காப்பீடு. செத்தால் இரண்டு லட்சம். உசுரோடு இருப்பவனுக்கு வைத்தியம் பார்க்க அதில் பைசா கிடையாது.

அவருக்கு உதவக்கூடியது வேறொன்று: ஈ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கும் குடும்பத்துக்கும் வெளிநோயாளிச் சிகிச்சையும் உண்டு. தொழிலாளிக்கே மனச்சிதைவு போன்ற நோய் வந்தால், இரண்டு வருசம் வேலை பார்த்து சந்தா கட்டியிருக்கும்பட்சத்தில், 80 சதவீதக் கூலியோடு நீண்டகால நோய்ப்படி பெறலாம். ஆனால் காண்ட்ராக்டர் அவர் பேரைப் பதியவே இல்லை என்றால்? ஆக, மனநலக் காப்பீடு என்பது கூலிப் போராட்டத்தின் ஒரு பகுதி.

இங்கே ஒரு தோழர் கேட்டார்: “சாதி கொடுக்கிற வலியை நோய்னு சொல்லி மாத்திரை கொடுத்து அடக்கப் பாக்குறாங்களே?” நியாயமான கேள்வி. 2016 சனவரி 17இல் ஐதராபாத்தில் இறந்த ரோகித் வெமுலாவின் கடைசிக் கடிதத்தில், வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகையைக் குடும்பத்திடம் கொடுக்கச் சொல்லியிருந்தது. விடுதியை விட்டு வெளியேற்றுவதும் உதவித்தொகை வராததும் மாத்திரையால் தீராது. சாதிக்கு மருந்து சாதி ஒழிப்புதான். ஆனா போலீஸ் அடியில் எலும்பு முறிஞ்சா கட்டு போட்டுக்கிட்டுத்தானே போராடுறோம்? தூக்கம் கெட்டு, உசுர் கசந்துபோன நம்ம பிள்ளைக்கு மட்டும் வைத்தியம் வேணாம்னு எப்படிச் சொல்ல முடியும்?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை: வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் காப்பீடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையின்றி மாத்திரை. ஒப்பந்தத் தொழிலாளர் எல்லோருக்கும் ஈ.எஸ்.ஐ. பல்கலைக்கழகங்களில் சாதியை அறிந்த ஆலோசகர்கள்.

உடனே செய்யக்கூடியதும் இருக்கு. கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்க. கம்பெனிக்குப் புகார் எழுதுங்க. ஒரு மாதத்தில் பதில் வராட்டி, வந்த பதில் சரியில்லாட்டி, காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போங்க. கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. இராத்திரியில் மனசு தாங்காதவங்களுக்கு 14416 என்ற அரசு இலவச எண் இருக்கு.

மனு எழுதத் தெரிந்த மாணவர்கள் இங்கே இத்தனை பேர் இருக்கீங்க. சேரியில் ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போய் உட்காருங்க. அந்தக் காகிதங்களை எடுத்து வாசிச்சுச் சொல்லுங்க. படிவம் நிரப்ப நானும் வர்றேன்.