விதைக்கு விட்ட காய்



மும்பையில் வாழும் தமிழர்க்கு ஊர்க் காய்கறிகள் இன்று அரியன அல்ல. மாதுங்காக் கடைத்தெருவில் வாழைத்தண்டும் சேப்பங்கிழங்கும் கிடைக்கின்றன. தாராவியிலும் செம்பூரிலும் முருங்கைக்காய்க்குக் குறைவில்லை. ஆயினும், அவரைக்காய் வேண்டும் என்று கேட்கின்றோமேயன்றி, எந்த அவரை என்று கேட்பதில்லை. கோழி அவரை, பட்டை அவரை, யானைக்காது அவரை என வழங்கிய பெயர்களை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்? கேட்பாரற்ற காயைப் பயிரிடுவார் இல்லை. பயிரிடாத காய்க்கு விதையும் இல்லை. நாட்டுக் காய்கறிகளின் வாழ்வும் தாழ்வும் இந்த ஒரு சங்கிலியில் அடங்கியிருக்கின்றன.

விதையைப் பெட்டியில் பூட்டிவைத்தால் போதாதா என்று வினவலாம். வீட்டில் வைத்த வெங்காய விதை ஓரிரண்டு ஆண்டுகளிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். தில்லியில் உள்ள தேசியப் பயிர் மரபு வள நிறுவனம் பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் விதைகளை நெடுங்காலம் காத்துவருகின்றது. அது வேண்டிய பணியே. ஆனால், உறங்கும் விதை புதிய பூச்சியையும் மாறிவரும் மழையையும் எதிர்த்துப் பழகுவதில்லை. அந்தப் பழக்கம் வயலில்தான் உண்டாகும்.

வயலிலோ நிலைமை மாறிவிட்டது. கடையில் வாங்கும் கலப்பின விதை முதல் தலைமுறையில் ஒரே சீராக, மிகுதியாகக் காய்க்கும். அதன் காயிலிருந்து விதை எடுத்து விதைத்தால், செடிக்குச் செடி குணம் மாறிவிடும். ஆதலின் உழவர் ஆண்டுதோறும் விதைக்குப் பணம் கொடுக்க நேர்கின்றது. மேலும், இவற்றுட் பல உரமும் மருந்தும் தாராளமாக இடும் நிலத்திற்கெனத் தேர்ந்தவை. தொழு உரத்தையும் வேப்பம் பிண்ணாக்கையும் நம்பிப் பயிர் செய்யும் இயற்கை உழவர்க்கோ, தம் மண்ணிலேயே பலமுறை விளைந்து பழகிய விதை தேவை.

அத்தகைய விதையைக் காத்த ஒருவரை நாம் நெடுந்தொலைவு சென்று தேட வேண்டியதில்லை. மகாராட்டிரத்தின் உயர்ந்த சிகரமான கல்சுபாய் அமைந்துள்ள அகோலே வட்டத்தில், கொம்பாளணே என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் ராகிபாய் போபரே. பள்ளிக் கல்வி பெறாத பழங்குடிப் பெண்மணி. தம் வீட்டிலேயே நாட்டு விதைகளைத் திரட்டி, அக்கம்பக்கத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு அவற்றைப் பெருக்கினார். பாயிஃப் என்னும் தொண்டு நிறுவனம் துணை நின்றது. 2020-ஆம் ஆண்டிற்கான பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் காத்த பயிர்களுள் சிறப்பிடம் பெற்றது எது தெரியுமா? மராட்டியர் ‘வால்’ என வழங்கும் நம் அவரையே!

அவரையின் இயல்பு சுவையானது. பழைய கொடி அவரை, பகற்பொழுது சுருங்கினாலன்றிப் பூக்காது. ஆடியில் விதைத்தது பனிக்காலத்தில் பூத்து, பொங்கற் கூட்டுக்குக் காய் தரும். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் எப்பருவத்திலும் காய்க்கும் குத்து அவரை வகைகளை உருவாக்கி அளித்துள்ளது. இத்தகைய புதிய வகைகளைப் பெறுவதற்கும் பழைய வகைகளின் குணங்களே மூலதனம். முதல் அழிந்தபின் வட்டியை எங்ஙனம் எதிர்பார்ப்பது?

விதை காக்கும் முறை கடினமன்று. நோயற்ற, நன்கு காய்த்த கொடியைத் தேர்ந்து, அதன் சிறந்த காய்களைச் சமையலுக்குப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட வேண்டும். ஒரே கொடியோடு நில்லாமல் பல கொடிகளிலிருந்து எடுத்தல் நலம். நெற்றுகள் காய்ந்தபின் பருப்பெடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, ஈரம் புகாத கலத்தில் வைத்து, பெயரும் ஆண்டும் எழுதி ஒட்டுக. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வதாகையால், இனக் கலப்புக்கு அஞ்ச வேண்டியது குறைவு. பூசணிக்கோ தேனீக்கள் பிற வகைகளின் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். ஆகவே, மறுநாள் மலரவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளை மாலையிலேயே நூலால் கட்டிவைத்து, விடியற்காலையில் பிரித்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மீண்டும் கட்டிவிட வேண்டும். அந்தக் காயே விதைக்குரியது.

பத்தடிக்குப் பத்தடி அறையில் வாழும் நமக்கு இவை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். மாடமோ மொட்டைமாடியோ உள்ளவர் இரண்டு தொட்டிகளில் அவரையை ஏற்றலாம். அதற்கும் இடமில்லாதவர் கடையில் வகையின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். கேள்வி உண்டானால் விளைவிப்பவரும் உண்டாவர். கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்கோ சேலத்திற்கோ செல்வோர், முதியோரிடம் பழைய வகைகளின் பெயரையும் பக்குவத்தையும் கேட்டறிந்து, ஒரு கைப்பிடி விதையும் வாங்கி வரலாம்.

சட்டமும் இதற்குத் துணையாக நிற்கின்றது. பயிர் வகைகள், உழவர் உரிமைகள் பற்றிய 2001-ஆம் ஆண்டுச் சட்டம், விளைச்சலிலிருந்து விதை சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உழவர்க்கு உரிமை அளித்திருக்கின்றது. பாதுகாக்கப்பட்ட வகையின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பது மட்டுமே விலக்கு. உரிமை ஏட்டில் இருக்கின்றது. அதைப் பயன்படுத்த உழவர் கையில் விதை இருக்க வேண்டும். அந்த விதையின் காயை விரும்பி உண்ண நம் வீடுகளில் ஆள் இருக்க வேண்டும்.