கோல்ஃப் திடலில் நேர்மை

பெரும்பாலான கோல்ஃப் ஆட்டங்களில் நடுவர் உடன் வருவதில்லை என்பதால், தவறுக்குரிய தண்டனை அடியைத் தன் கணக்கில் தானே சேர்த்துக்கொள்ளும் கடமையை விதிகள் ஆட்டக்காரரிடமே ஒப்படைத்துள்ளன. 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியில், புல்லில் கிடந்த தம் பந்து சற்றே அசைந்ததை வேறு எவரும் காணாதபோதும், பாபி ஜோன்ஸ் தம்மீது ஓர் அடியைச் சுமத்திக்கொண்டார். அந்த ஓர் அடியால் ஆட்டம் சமநிலைக்கு வந்து, கூடுதல் ஆட்டத்தில் அவர் பட்டத்தை இழந்தார்.

எல்லா ஆட்டக்காரரும் ஜோன்ஸ் அல்லர். அதனால்தான், அடிகளின் எண்ணிக்கையால் வெற்றியை முடிவுசெய்யும் போட்டிகளில், ஒருவருடைய கணக்கை மற்றொருவர் எழுதுகிறார். அவருக்கு மார்க்கர் என்று பெயர். பால்காரரும் வீட்டாரும் அன்றன்றே அளவைச் சரிபார்த்துக்கொள்வதுபோல, ஒவ்வொரு குழி முடிந்ததும் எண்ணிக்கையைக் கேட்டு எழுதிவிட்டால் பெரும்பாலான பூசல்கள் எழுவதே இல்லை. தாம் ஏற்காத எண்ணிக்கைக்கு மார்க்கர் ஒப்பமிட வேண்டியதில்லை. அதைப் போட்டிக் குழுவின் முடிவுக்கு விடலாம்.

பிறர் அடிக்கும் நேரத்தில் பேசுவது போன்ற பண்புக்குறைவைத் தனியே, மெதுவாகச் சொன்னாலே பெரும்பாலும் போதும். பொய்க்கணக்கு அப்படியன்று. நட்பு கருதி அதற்கு உடன்படுவது பெருந்தவறு. தெரிந்தே ஒரு தண்டனையை விட்டுவிட இருவர் இசைந்தால், விதிப்படி இருவருமே தகுதி இழக்கின்றனர்.