முப்பது மீட்டர் ஆடியின் முன் நிற்கும் கேள்விகள்

ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் இயங்கிவரும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடி 2.4 மீட்டர். அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் காற்று மண்டலத்துக்கு மேலே இருப்பதால்தான் ஹப்பிளின் படங்கள் அத்தனை கூர்மையாக அமைகின்றன. இந்தியா பங்குபெறும் முப்பது மீட்டர் தொலைநோக்கி காவலூரைவிட சுமார் 164 மடங்கு ஒளியைத் திரட்டும். ஆனால் காற்றின் கலக்கத்தை வெல்லாவிட்டால் அந்த ஒளியெல்லாம் மங்கிய திட்டாகவே விழும்.

இதற்கான தீர்வு தகவமைவு ஒளியியல். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சோடியம் அணுக்களை லேசரால் ஒளிரச் செய்து செயற்கை விண்மீன்கள் உருவாக்கப்படுகின்றன. அவற்றின் ஒளியில் தெரியும் கலக்கத்துக்கு ஏற்ப ஒரு நெகிழும் ஆடி நொடிக்குப் பலநூறு முறை தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். இது கைகூடும்போது, ஒரே அலைநீளத்தில், ஹப்பிளைவிடப் பன்னிரண்டு மடங்கு கூர்மை கிடைக்கும். பரப்பும் கூர்மையும் சேர்வதால், பத்து மீட்டர் தொலைநோக்கி 81 மணி நேரத்தில் எடுக்கும் மங்கலான விண்மீனின் அளவீட்டை முப்பது மீட்டர் தொலைநோக்கி ஒரு மணி நேரத்தில் எடுக்கக்கூடும்.

சிறிய தொலைநோக்கிகள் இதனால் மதிப்பிழக்கவில்லை. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளின் வளையங்களைக் காட்டிய பதிவுகளுள் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியின் பதிவும் ஒன்று. சரியான இரவும் தேர்ந்த கையும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. வேறு சில கேள்விகளுக்குத் திறமை மட்டும் போதாது. ஒளித்துகள்களின் எண்ணிக்கையே விடையைத் தீர்மானிக்கும்.

அவற்றுள் முதன்மையானது புறக்கோள்களின் காற்று. சிவப்புக் குறுவிண்மீன் ஒன்றின் முன்னால் அதன் கோள் கடக்கும்போது, விண்மீனொளியில் மிகச் சிறு பங்கு கோளின் காற்றை ஊடுருவி வருகிறது. ஆக்சிஜன் இருந்தால் 760 நானோமீட்டரை ஒட்டிய வரிகளில் அதன் தடம் பதியும். பூமியின் காற்றும் அதே வரிகளை இடுவது பெரும் இடர். அந்த விண்மீன் மண்டலம் நம்மை நோக்கியோ விலகியோ நகர்வதால் வரிகள் சற்றே இடம்பெயர்வதைக் கொண்டுதான் இரண்டையும் பிரிக்க முடியும். ஒரு கடப்பு போதாது, பலவற்றைச் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் தெரிந்தாலும் அது உயிருக்குச் சான்றாகிவிடாது. புற ஊதாக் கதிர் நீரைப் பிளந்தும் ஆக்சிஜனை உண்டாக்கும். இந்த எச்சரிக்கையை ஆய்வாளர்கள் தொடக்கத்திலேயே வலியுறுத்துவது நல்லது.

இன்னொரு கேள்வி பால்வழியின் மையம் பற்றியது. அங்கே சூரியனைப்போல் சுமார் நாற்பது லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை உள்ளது. அதைச் சுற்றும் விண்மீன்களைப் பின்தொடர்ந்த ஆய்வுக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னும் மங்கிய, இன்னும் நெருங்கிய விண்மீன்களைப் பிரித்தறிந்தால் பொதுச் சார்பியலைக் கடுமையாகச் சோதிக்கலாம். முதல் விண்மீன் திரள்களின் நிறமாலையும், முதுவிண்மீன்களில் லித்தியம் பெருவெடிப்புக் கோட்பாடு சொல்வதைவிடக் குறைந்திருப்பதன் காரணமும் இத்தொலைநோக்கியின் இலக்குகளே.

இத்தொலைநோக்கியின் முதன்மை ஆடி 492 அறுகோணத் துண்டுகளால் ஆனது. ஒவ்வொன்றையும் மூன்று இயக்கிகள் தாங்கும். அண்டைத் துண்டுகளின் உயர வேறுபாட்டை விளிம்பு உணரிகள் நானோமீட்டர் அளவில் கண்காணிக்கும். 2014இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இந்தியப் பங்கில் இந்த இயக்கிகளும் உணரிகளும் அடங்கும். உணரிகளைச் செய்யும் பணி புதுச்சேரிக்கு வந்தது தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி.

இடத்தேர்வு இன்னொரு சிக்கல். எடுத்துக்காட்டாக, சென்னையை அடுத்த தாம்பரத்தின் வானத்தில் ஜி.எஸ்.டி. சாலையின் விளக்கொளி பரவியிருக்கிறது. கடற்காற்றின் நீராவி அகச்சிவப்புக் கதிரை விழுங்குகிறது. இத்தகைய இடர்களைத் தவிர்க்கவே நாலாயிரம் மீட்டரைத் தாண்டிய, வறண்ட மவுனா கியா தேர்வானது. ஆனால் அது ஹவாய்ப் பழங்குடி மக்களின் புனித மலை. 2015லும் 2019லும் அவர்களது எதிர்ப்பால் பணி நின்றது. அவர்களின் இசைவின்றி அங்கே ஆய்வகம் எழுவது முறையல்ல. மாற்றிடமாக லா பால்மா தீவு பேசப்படுகிறது.

39 மீட்டர் ஐரோப்பியத் தொலைநோக்கி தென் அரைக்கோளத்திலுள்ள சிலியில் கட்டப்பட்டுவருகிறது. அங்கிருந்து ஆந்திரோமீடா திரள் அடிவானத்தைவிட்டு அதிகம் உயராது. காவலூர், தேவஸ்தல், ஹான்லே ஆகிய இந்திய ஆய்வகங்களோ வடக்கு வானத்தை நன்கு காண்பவை. அவை கண்டெடுக்கும் மங்கிய பொருள்களைத் தொடர்ந்து ஆராய, வட அரைக்கோளத்திலும் ஒரு பேராடி தேவை.