வெளிச்சத்துக்கும் ஒரு வக்து உண்டு

(லண்டனில் நடந்த டிசம்பர் மாதக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





இன்னும் சில நாட்களில் பள்ளிக்கூடங்கள் இரண்டு வார விடுமுறைக்கு மூடப்படும். ஊரே கொண்டாட்டத்தில் இருக்கும் இந்த நாட்களில்தான் நம்மில் பலருக்கு மனம் சோர்ந்துபோகிறது. "எவ்வளவு தூங்கினாலும் அசதி தீரவில்லை", "எதிலும் மனம் ஒட்டவில்லை", "காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது" என்கிறார்கள். சொல்லிவிட்டு, "என் ஈமான் குறைந்துவிட்டதோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்காகத்தான் இன்று பேச வந்தேன்.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். டிசம்பர் 21ஆம் தேதி வாக்கில் லண்டனில் சூரியன் உதிப்பது காலை 8 மணிக்குப் பிறகு. மறைவது பிற்பகல் 3.53க்கு. பகல் முழுசாக 8 மணி நேரம்கூட இல்லை. அதே நாளில் காயல்பட்டினத்திலும் காத்தான்குடியிலும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் மேல். இங்கே லுஹர் வக்து வந்து நான்கு மணி நேரம் ஆவதற்குள் மஃரிப் வந்துவிடுகிறது. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிறவர்களும், குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்களும் முதியவர்களும் வாரக்கணக்கில் பகலையே பார்ப்பதில்லை.

நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். காலையில் கண்ணில் படும் வெளிச்சமே அந்தக் கடிகாரத்தைச் சரிப்படுத்துகிறது. வெளிச்சம் குறைந்தால் அது பிந்திப்போகும். சிலருக்கு அதோடு மனச்சோர்வும் வந்து சேரும். தூக்கம் கூடும், சோறும் இனிப்பும் அதிகம் கேட்கும், யாரையும் பார்க்கப் பிடிக்காது. 1984இல் அமெரிக்க மனநல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் இதைப் பருவகால மனச்சோர்வு என்று தனியாக அடையாளம் கண்டு எழுதினார்கள்.

எனவே இதற்காக ஈமானைச் சந்தேகிக்காதீர்கள். கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துக்க ஆண்டு என்றே வரலாறு சொல்கிறது. நபி (ஸல்) அவர்களுக்கே துக்கம் வந்தது என்றால், நமக்கு வருவதில் என்ன வெட்கம்?

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸுக்கு மேல் போகாது. மேகம் மூடிய குளிர்காலப் பகலிலும் வெளியே அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. தொழுகைக்கு வக்து இருப்பதுபோல இந்த வெளிச்சத்துக்கும் ஒரு வக்து இருக்கிறது. தவறிய தொழுகையைக் களா செய்யலாம். தவறிய பகலுக்குக் களா கிடையாது. காலை உணவு முடிந்ததும் அரை மணி நேரம் வெளியே நடங்கள். விடுமுறைதான், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போங்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்குத் திரைச்சீலையை விலக்கி, நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக் கொடுங்கள்.

விடுமுறை என்பதற்காக நண்பகல் வரை தூங்க வேண்டாம். குளிர்காலத்தில் ஃபஜ்ர் நமக்கு வசதியான நேரத்தில் வருகிறது. அதையே எழும் நேரமாக வைத்துக்கொண்டால் கடிகாரம் தடம் மாறாது. படபடப்பு உள்ளவர்கள் பிற்பகலுக்குப் பிறகு கடும் தேநீரையும் காபியையும் குறைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு படபடக்கும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக, நீளமாகச் செய்து பாருங்கள்.

வைட்டமின் டி பற்றியும் கேட்கிறீர்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது என்கிறது என்.எச்.எஸ். நம்மைப் போன்ற தெற்காசியர்களும் உடலை மூடி உடுத்துகிறவர்களும் ஆண்டு முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்கலாம். இது எலும்புக்கும் தசைக்கும் வேண்டியது. மனச்சோர்வுக்கு மருந்து என்று நினைத்து இதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

இயற்கையானது என்றால் ஆபத்தில்லாதது என்றும் எண்ண வேண்டாம். கடைகளில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றோடு மோதும். மருந்தாளரைக் கேட்காமல் வாங்காதீர்கள். 10,000 லக்ஸ் வெளிச்ச விளக்கு சிலருக்கு உதவுகிறது. கண் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் ஜிபியிடம் போங்கள். ஆங்கிலம் வராதவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள். அல்லது சமாரிட்டன்ஸை 116 123 என்ற எண்ணில் அழையுங்கள். கிறிஸ்துமஸ் அன்றும் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

கடைசியாக ஒன்று. டிசம்பர் 25 அன்று லண்டனில் பேருந்தும் இல்லை, ரயிலும் இல்லை. கார் இல்லாதவர் அன்று வீட்டோடு அடைபட்டுப்போவார். படிக்க வந்த பிள்ளை, கல்யாணமாகி வந்து ஊரை நினைத்து அழும் மருமகள், துணையை இழந்த பெரியவர் என்று நம் தெருவிலேயே அப்படி ஒருவர் இருப்பார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி முடித்துவிடுவார். அதனால் அப்படிக் கேட்காதீர்கள். "25ஆம் தேதி பதினொரு மணிக்குக் காரில் வருகிறேன். கொஞ்சம் நடந்துவிட்டு நம் வீட்டில் சாப்பிடலாம்" என்று சொல்லுங்கள். இன்று இங்கிருந்து கிளம்பும் முன் அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்துவிடுங்கள்.

கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.